பதினாறாவது தாளில் ஒரு பல்லி

தலைமை வகிக்கும் கௌதமன் அவர்களே, ஆர்.கே.புரம் அஞ்சல்தலைச் சேகரிப்பாளர் வட்டத்து நண்பர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் இராஜமாணிக்கத்தின் துணைவியார் பாப்பம்மாள் அம்மா அவர்களே! எத்தனையோ கண்காட்சிகளில் நடுவராக மைக் பிடித்தவன் நான். இன்று இரங்கல் சொல்ல நிற்கிறேன்.

போய்விட்டாரே நம் இராஜமாணிக்கம்! பாம்பும் ஆமையும் உடும்புமாக, உலகத்து ஊர்வனவற்றையெல்லாம் அஞ்சல்தலைகளில் சேர்த்துவைத்த நம் 'முதலை மாணிக்கம்' போய்விட்டாரே! அமைச்சகத்தில் தபால் பிரிவின் கடைநிலை ஊழியர். குப்பைக்குப் போகும் உறைகளைக் கேட்டு வாங்கி, தண்ணீரில் ஊறவைத்து, ஸ்டாம்பைக் கிழியாமல் உரித்து, செய்தித்தாளில் உலர்த்துவார். இரண்டு இருந்தால் ஒன்றை யாருக்காவது கொடுத்துவிடுவார். அவரிடம் வாங்காதவர்கள் இந்த அரங்கில் உண்டா? நானும் வாங்கியிருக்கிறேன்.

அவருக்கு நான் என்ன கொடுத்தேன்? தொடர்ந்து மூன்று ஆண்டு வெள்ளிப் பதக்கம். தங்கத்தைத் தடுத்தவன் நான்தான். அவருடைய பதினாறாவது தாளில், கறுப்பு உடம்பும் மஞ்சள் புள்ளியுமாக ஒரு வெளிநாட்டு ஸ்டாம்பு. சாலமாண்டர். பார்க்கப் பல்லி, இனத்தால் தவளையோடு சேர்ந்தது. ஊர்வனப் பலகையில் அதற்கு இடமில்லை. "இந்த ஒன்றை எடுத்துவிடுங்கள், தங்கம் உங்களுக்கு" என்றேன்.

"தெரியும் சார். சாணக்கியபுரில வேலை செய்யற எம்பசிக்காரங்க வீட்லருந்து எம் பொஞ்சாதி முந்தானையில முடிஞ்சு கொண்டாந்தது. பல்லின்னு நெனச்சு ஆசையா குடுத்துச்சு. இல்லேன்னு எப்படி சார் சொல்றது?"

விதி விதிதான் என்றேன். "அச்சா சார்" என்று சிரித்தார். அடுத்த ஆண்டும் அதற்கடுத்த ஆண்டும் அதே தாள், அதே சிரிப்பு. கல்நெஞ்சன் நான், அதே மதிப்பெண்!

காரியம் முடிந்த மறுநாள் அவர் வீட்டுக்குப் போய், பாப்பம்மாள் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லி அழுதேன். அவர் சொன்ன பதிலை, அவர் அனுமதியோடு இங்கே சொல்கிறேன்.

"அது பல்லி இல்லேன்னு எம் மவன் மதன் அப்பவே சொல்லிட்டான்ணே. இவருக்குத் தெரியாதுன்னு நெனச்சேன். தெரிஞ்சா மனசு ஒடைஞ்சு போயிருவாரேன்னு வாயத் தொறக்கல."

கேட்டீர்களா நண்பர்களே? ஒரே அறையுள்ள குவார்ட்டர்ஸில், ஒருவர் மனம் நோகக்கூடாது என்று மற்றவர் இத்தனை ஆண்டுகள் பொத்திப் பொத்தி வைத்திருக்கிறார்கள். நானோ, தவளையா பல்லியா என்று பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்! என்னால் தாங்க முடியவில்லை.

இராஜமாணிக்கம் அவர்களே, வரும் கண்காட்சியில் உங்கள் பதினாறு தாள்களும் இருக்கும். ஒன்றைக்கூட எடுக்கவிட மாட்டோம். நடுவர் குழுவிலிருந்து விலகும் கடிதத்தை இன்று காலையிலேயே கொடுத்துவிட்டேன். இனி உங்கள் பலகைக்குப் பக்கத்தில், வருகிறவர்களுக்கு விளக்கம் சொல்ல நான் நிற்பேன். கடைசித் தாளில் இருப்பது என்ன என்று எந்த நடுவர் வந்து கேட்டாலும், பல்லி என்றுதான் சொல்வேன்.