நடுங்காத ஒரு சாண்

சுகன்யா: எந்திரி மாமா. தறிய வுட்டு எந்திரி.

தீனா: இருடி... இப்பதான் குந்துனேன்.

சுகன்யா: எந்திரின்னு சொல்றேன்ல! கைய எடு. துணிய பாக்கணும்.

தீனா: பாரு. நல்லா பாரு. எங்கனா ஒரு இழை தப்பி கீதா?

சுகன்யா: தப்பல.

தீனா: அப்புறம் இன்னா?

சுகன்யா: அதான் பேஜாரா கீது. இங்க பாரு, இது திங்கக்கிழமை. உன் கை உதறுனது அப்படியே கீது. ஒரு அடி இறுக்கம், ஒரு அடி லூசு. இது செவ்வா... மிதிய மாத்தி மிதிச்சுட்டு, தறிக்குழியில காலை வெச்சிகினே வாந்தி எடுத்த. புதன் பூரா நாலே வெரல் அகலந்தான் நெய்ஞ்ச...

தீனா: பட்டுப் பொடவடி இது. காலண்டரா?

சுகன்யா: இது நேத்து. ஒரு சாண். பவர்லூம்ல ஓட்டுன மாதிரி கீது.

தீனா: ஒடம்பு தேறிடுச்சு. சந்தோஷப்படுவியா, அத வுட்டுட்டு...

சுகன்யா: காலைல டம்ளர் புடிக்க முடியாத கை, மத்தியானம் நாடா வீசுதா? எத்தினி போட்ட?

தீனா: இன்னா எத்தினி?

சுகன்யா: மாத்திரை.

தீனா: வூட்ல ஏதுடி மாத்திரை? ஞாயித்துக்கிழமையே எல்லாத்தையும் நீதான கக்கூஸ்ல கொட்டுன?

சுகன்யா: வுட்டுட்டு திரும்ப பழைய மாதிரி மூணு நாலுன்னு முழுங்குனா, தூக்கத்துலயே மூச்சு நின்னுடும்னு டாக்டரு சொன்னாரா இல்லியா? சொல்லு மாமா, எத்தினி?

தீனா: கத்தாதடி. பக்கத்து வூட்டு ரங்கம்மா அக்கா காதுல வுழும்.

சுகன்யா: வுழட்டும்! ரெண்டு வருஷமா இடுப்பு வலின்னு நீ முழுங்கிகினு இருந்தது தெருவுக்கே தெரியும். திரும்ப அந்த மாத்திரை விக்கிற தமிழ்செல்வன்கிட்ட வாங்குனியா?

தீனா: அவன் நம்பரே என்கிட்ட இல்ல. நீதான் அழிச்ச.

சுகன்யா: அப்ப?

தீனா: ...ஒன்னு.

சுகன்யா: என் கண்ண பாத்து சொல்லு. வேற எங்கயும் வாங்கலியே?

தீனா: ஒன்னுதான்டி! ஒன்னே ஒன்னு! போதுமா? தோத்துட்டேன். உங்கண்ணனுக்கு போன் போடு. கட்டிப்போட்டு வைக்கிற எடத்துல சேக்கணும்னு சொல்லிகினு இருக்காரே, ஜல்தியா வந்து இட்டுகினு போவ சொல்லு.

சுகன்யா: யாரு தோத்தது? வாந்தி, பேதி, எலும்பு ஒடையற வலி... அத்தினி நாளு தாக்குப் புடிச்சியே, அது பொய்யா? உன்ன ஒருத்தரும் கட்டிப்போட மாட்டாங்க. எங்கண்ணன் வரட்டும், வாசல்லயே நிக்க வெச்சு பேசறேன்.

தீனா: ...கத்திரிய குடு.

சுகன்யா: எதுக்கு?

தீனா: அந்த ஒரு சாண்ல குறுக்கு இழைய வெட்டி ஒன்னொன்னா உருவப் போறேன். திரும்ப நெய்வேன்.

சுகன்யா: லூசா நீ? மொத்த பொடவைலயும் அதுதான் நல்லா கீது!

தீனா: அது மாத்திரை நெய்ஞ்சது. கோணையா இருந்தாலும் என் கை நெய்ஞ்சதா இருக்கட்டும்.

சுகன்யா: உன் கைய பாரு, இப்பவே உதறுது. முதலாளி இத வாங்கவே மாட்டாரு.

தீனா: வாங்காட்டி நீ கட்டிக்கோ.

சுகன்யா: இந்த உதறல் பொடவையவா? ...கட்டிக்கறேன் போ. கட்டிகினு எங்கண்ணன் வூட்டு விசேஷத்துக்கே போறேன். ஆனா மொதல்ல ஆஸ்பத்திரி. நாக்குக்கு அடில வைக்கிற மாத்திரை தரேன்னாரே டாக்டரு...

தீனா: மாத்திரைய வுடறதுக்கு இன்னொரு மாத்திரையா? அன்னிக்கே வேணாம்னேன்.

சுகன்யா: சொன்ன. இன்னா ஆச்சு? கால் ஒடிஞ்சா கட்டு போட மாட்ட? உன் வீம்ப முழுங்குன மாத்திரை மேல காட்டு, டாக்டரு மேல காட்டாத.

தீனா: ...சரி. சட்டைய எடு. திரும்ப ஒன்னாம் நாள்ல இருந்து எண்ணறேன். எத்தினி தடவ ஒன்னாம் நாளுக்கே வந்தாலும் எண்ணுவேன்.

சுகன்யா: அங்க மறைக்காம சொல்லணும் மாமா.

தீனா: சொல்றேன். நேத்து நீ பாலு வாங்கறேன்னு ஒரு மணி நேரம் போனியே, அப்ப நாடாவுக்கு நூல் சுத்தி வைக்கிற தார் டப்பாவுல, நூலுக்கு அடில கெடந்துச்சு, எடுத்து போட்டேன்னு சொல்றேன்... ஆனா ஒன்னு புரியல சுகு. செவ்வாக்கிழமை அந்த டப்பாவ நானே ரெண்டு தடவ கவுத்து தேடுனேன். அப்ப இல்ல.

சுகன்யா: இல்லதான்.

தீனா: பின்ன எப்படிடி வந்துச்சு?

சுகன்யா: சொவுத்துல மண்டைய இடிச்சிகினு, 'என்ன கொன்னுடுடி'ன்னு கத்துன... என்னால தாங்க முடியல மாமா. கொட்டறப்ப மறைச்சு வெச்சிருந்தத டப்பாவுல போட்டேன். டாக்டருகிட்ட அத நானே சொல்றேன்... நான் ஒன்னுதான் வெச்சேன்.