ஆறு பத்து பாசஞ்சர்

மாலை ஆறு பத்து. பழைய சிமென்ட் கிடங்குக்குப் பின்னால் ஒரு மண்பாதை. ஆள் நடமாட்டமே கிடையாது. அது தண்டவாளத்தில் போய் முட்டி நிற்கும். அங்கேதான் அந்த மனிதர் தினமும் கேமராவோடு நிற்பார்... இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். உரக்கச் சொல்கிற கதை இல்லை இது. நம் எலக்ட்ரீஷியனுடைய மைத்துனருக்கு நடந்தது.

மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தீட்டுகிற வேலை அவருக்கு. கடை மூடும் முன்பே ரயிலைப் பார்க்க ஓடிவிடுவதால் கூட வேலை செய்கிறவர்கள் 'ஆறு பத்து' என்றே கூப்பிட்டார்கள். பளபளக்கும் அதிவேக வண்டிகளை அவர் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. பாசஞ்சர், சரக்கு வண்டி, வெற்றிலை எச்சில் வழிந்த பெட்டி... இவைதான்.

"புது வண்டிய எவன் வேணா எடுப்பான். தினம் நம்மளச் சுமக்கிறத யாரு எடுக்கிறது?" என்பார்.

வீட்டில் அம்மா, மனைவி. ஒரு தம்பியும் இருந்தான். ஒன்பது வருஷத்துக்கு முன் ஏதோ வாய்ச்சண்டை. இவர் கை நீட்டிவிட்டார். "இனி இந்த வீட்டுப் பக்கம் வராத" என்றும் சொல்லிவிட்டார். தம்பி அதே ஆறு பத்தில் ஏறினான். அவ்வளவுதான். போன் இல்லை, கடிதம் இல்லை. பிணவறை பிணவறையாகக்கூடப் போய்ப் பார்த்தாயிற்று.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, எடுத்த படங்களைக் கணினியில் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாவது பெட்டி. கதவை ஒட்டிய ஜன்னல்.

தம்பி.

வீட்டை விட்டுப் போன அன்று போட்டிருந்த அதே நீலச் சட்டை. ஒரு வயதுகூடக் கூடவில்லை.

மறுநாள் எடுத்த படத்திலும் இருந்தான். அதற்கு மறுநாளும். முந்தின ஸ்டேஷனுக்கே போய் வண்டியில் ஏறித் தேடினார். அந்த ஜன்னலோரம் காய்கறிக் கூடையை மடியில் வைத்துக்கொண்டு யாரோ ஒரு அம்மாள் தூங்கிக்கொண்டிருந்தார்.

படத்தில் மட்டும்தான் அவன். அதிலும் வாய் அசைந்தது. ஒரே மூச்சில் அடுத்தடுத்து எடுத்த படங்களில், உதடு ஒவ்வொன்றிலும் வேறு மாதிரி இருந்தது.

அவர் மனைவி காது கேளாத பிள்ளைகள் பள்ளியில் டீச்சர். உதட்டைப் பார்த்தே பேச்சைப் படித்துவிடுவார். படங்களை வரிசையாக நகர்த்தி நகர்த்திப் பார்த்தார்.

"'அண்ணா'ங்கிறான்... 'வண்டிய நிறுத்...' அதோட கம்பம் வந்து மறைச்சிடுச்சு."

"நிறுத்துன்னுதான் சொல்றான்."

"பேச்சு முடியலங்க. கொஞ்சம் பொறுங்களேன்."

"ஒம்போது வருஷம் பொறுத்தாச்சு."

அடுத்த நாள் சிவப்புத் துண்டோடு போனார். தண்டவாளத்தின் நடுவிலேயே நின்று வீசினார். ஹாரன் அலறியது... இரும்பு இரும்பைத் தேய்த்துக் கிறீச்சிட்டது... கருகிய பிரேக் வாடை. அவருக்குப் பத்தடி முன்னால் வண்டி நின்றது.

"பைத்தியமாய்யா உனக்கு? சாகறதுக்கு என் வண்டிதான் கெடச்சுதா?" என்று டிரைவர் கத்தினார்.

இவர் காதில் அது ஏறவே இல்லை. மூன்றாவது பெட்டிக்கு ஓடினார். வெறும் கண்ணுக்கு ஜன்னல் காலி. கேமராவைத் தூக்கி அழுத்திக்கொண்டே இருந்தார்.

பெட்டியின் கதவு மெல்லத் திறந்தது. யாரும் இறங்கவில்லை. ஆனால் ஜல்லியில் சரக்... சரக்... ஒரு ஜோடிக் கால். பிறகு இன்னொரு ஜோடி. பிறகு எண்ண முடியவில்லை. நாள்பட்ட ஈரத்துணி நாற்றம் அவர் முகத்தை உரசிக்கொண்டு, மண்பாதையில் இறங்கி... அவர் வீடு இருக்கும் திசையில் போனது.

வண்டி நகர்ந்தது. இவர் வீட்டுக்கு ஓடினார். மனைவி அப்போதுதான் பள்ளியிலிருந்து வந்து வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். கேமராவை அப்படியே அவர் கையில் திணித்தார். இந்தத் தடவை கம்பம் இல்லை. தம்பியின் முகம் தெளிவாக இருந்தது. இரண்டு கையாலும் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

மனைவி படங்களை ஒவ்வொன்றாக நகர்த்திப் பார்த்தார்.

"'நிறுத்தாத'ங்கிறான்... 'அண்ணா, வண்டிய நிறுத்தாத... நிறுத்தாத...' இதையேதாங்க திரும்பத் திரும்பச் சொல்றான்."

உள்ளே அம்மாவின் பேச்சுக் குரல் கேட்டது. ஒன்பது வருஷமாக அந்தக் குரலில் இல்லாத சந்தோஷம். இருவரும் உள்ளே போனார்கள். விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அம்மா கட்டிலில் சுவரோடு ஒண்டி, முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அறையில் வேறு யாரும் இல்லை. அந்த நாற்றம் மட்டும்.

"அம்மா... தம்பி வந்துட்டானா?"

"இல்லடா. அவனுக்கு எறங்க முடியலையாம். கூட இருந்தவங்கதான் வந்திருக்காங்க." அம்மா சிரித்தார். "நீ ஏன் நடுவுல நிக்கிற? கொஞ்சம் ஒதுங்குப்பா... வாசல்ல இன்னும் நெறைய பேரு நிக்கிறாங்க பாரு."