அடங்கிய நோய்

என் வேலை என்னவென்று வீட்டில் யாருக்கும் சரியாகப் புரிந்ததில்லை. மருத்துவமனையில் கணினி முன்னால் உட்கார்ந்திருப்பவள், அவ்வளவுதான். டாக்டர் எழுதும் நோய்க்கு உரிய குறியீட்டு எண்ணைப் போடுவேன். அடுத்துப் பார்க்கும் டாக்டர் பெரும்பாலும் முழுக் குறிப்பையும் படிப்பதில்லை. என் எண்ணை நம்புவார்.

சிகிச்சையில் அடங்கிய தொற்றுகளில்தான் கவனம் வேண்டும். சில போயே போய்விடும். அவற்றுக்கு 'முன்பு இருந்தது' என்று போடலாம். சில நீறு பூத்த நெருப்பு. 'இன்னும் இருக்கிறது' என்றுதான் போட வேண்டும். புதிதாகச் சேர்பவர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுப்பதே நான்தான்.

அத்தானுக்கு, அதாவது அக்கா கணவருக்கு, கல்லீரலில் இருந்தது இரண்டாவது வகை. மாத்திரையால் அடங்கியிருந்தது. மூட்டு வலிக்கு வேறு டாக்டரைப் பார்க்க வந்தவர் என் மேஜைக்கு வந்தார்.

"ஏம்மா, அதான் சரியாப்போச்சே. இன்னும் ஏன் சீட்டுல அது வருது? பாக்கறவங்க எல்லாம் ஒரு மாதிரி பாக்கறாங்க. எடுத்துவிடேன்."

'முன்பு இருந்தது' என்று மாற்றினேன்.

"அப்ப மாத்திரை?"

"உங்க இஷ்டம் அத்தான்."

நிம்மதியாகச் சிரித்தார். மாத்திரையை நிறுத்திவிட்டார். என் எண்ணை நம்பி மூட்டுக்குப் போட்ட ஊசி உடம்பின் எதிர்ப்புச் சக்தியை அடக்குவது. படுத்திருந்த கிருமி எழுந்துகொண்டது. அவர் கண் மஞ்சளானதுமே எனக்குப் புரிந்துவிட்டது. டாக்டர்கள் வேறெங்கோ தேடிக்கொண்டிருந்தார்கள். வார்டு வாசலில் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீ இங்கதானே வேலை பாக்கற? ஏதாவது பண்ணேன்டி."

என் கை அவள் கைக்குள் இருந்தது. எத்தனை வருஷம் கழித்து. நான் எதுவும் பண்ணவில்லை.

அவர் கெட்டவர் இல்லை. அக்காவை ஒரு சொல் கடிந்ததில்லை. அம்மா இறந்தபின் நானும் அக்காவும் ஒரே போர்வைக்குள் வளர்ந்தவர்கள். கல்யாணமானதும் அவள் என்னிடம் "வந்துட்டுப் போ" என்று சொல்லத் தொடங்கினாள். விருந்தாளிக்குச் சொல்வதுபோல.

கைத்தவறுதலா என்று கேட்டீர்கள். இல்லை. தெரிந்துதான் செய்தேன்.

அவர் இறந்தபின் அக்கா என்னோடு இருக்கிறாள். அதிகம் பேசுவதில்லை. சில சமயம் வாசலில் அவர் செருப்புச் சத்தம் கேட்கிறது என்பாள். எனக்கும் கேட்கிறது; சொல்வதில்லை. அவள் தட்டில் போட்டது போட்டபடி இருக்கும்.

வாக்குமூலத்தைச் சீக்கிரம் எழுதி முடியுங்கள். நான் வராமல் அவள் சாப்பிட மாட்டாள்.