முழு அட்டை

நீலசந்திராவில் ஒரு மெடிக்கல் ஷாப். எனக்கு முன்னால் நின்ற பெண், கடைக்காரர் கத்தரியை எடுத்ததும் தடுத்தாள்.

“வெட்டாதீங்கண்ணா. முழு அட்டையா குடுங்க.”

“நாலு மாத்திரை போதும்னீங்களேம்மா?”

“போதும்தான். ஆனா பேர் தெரியணும். போன தடவ ட்ரெக் போறப்ப, வெயிட் ஏறக் கூடாதுன்னு எல்லா அட்டையையும் நானே துண்டு துண்டா நறுக்கி டப்பால போட்டேன். மலை மேல ஃப்ரெண்டுக்குக் குளவி கொட்டி மூஞ்சி வீங்கிடுச்சு. டப்பாவத் தொறந்தா எல்லாமே வெள்ளை மாத்திரை. அலர்ஜிக்கு எதுன்னு தெரியல.”

“அப்புறம்?”

“கண்ணு தொறக்க முடியாம, என் தோளப் புடிச்சிக்கிட்டே எறங்குனான்.”

கடைக்காரர் கத்தரியைக் கீழே வைத்தார்.

“இப்ப நல்லா இருக்காரா?”

“நல்லா இருக்கான். மறுபடி மலைக்கும் போறான்.” அட்டையைப் பைக்குள் வைத்தாள். “என்னைத்தான் கூப்பிடறதில்ல.”