எழுந்த பிறகுதான் சிவப்பு உறை

உங்கள் ஸ்டேஷன் பால் டீ மோசமில்லை, சார். அந்த மூலையில் குவான் சாமிக்கு ஊதுபத்தி எரிகிறது. என் படத்துக்குப் பணம் போட்ட ஃபூங் மாமாவின் மாஜோங் சூதாட்டக் கடையிலும் இதே சாமி, இதே ஊதுபத்தி. போலீசுக்கும் ரவுடிக்கும் ஒரே சாமி என்பதை வைத்துத்தான் நானும் படம் எடுத்தேன்.

ஹாங்காங்கில் மழையையும் நியான் வெளிச்சத்தையும் என்னைப்போல எடுக்க ஆளில்லை என்று ஒரு பத்திரிகை எழுதியது. ஜனங்கள் அந்தப் பத்திரிகையையும் வாங்கவில்லை, என் மூன்று படங்களுக்கும் வரவில்லை. நான்காவதுக்கு ஃபூங் மாமாவை விட்டால் எனக்கு நாதியில்லை.

அதுவரை எடுத்ததை அவருக்குப் போட்டுக் காட்டினேன். கிளைமாக்ஸில் ஹீரோவான இன்ஸ்பெக்டர் மூங்கில் சாரத்திலிருந்து விழுந்து சாகிறார். ஃபூங் மாமா வேர்க்கடலை உரித்துக்கொண்டே சிரித்தார்.

"இவன் சாகறானா, தூங்கப் போறானா? யாருகிட்டடா கதை விடுற? வெள்ளிக்கிழமைக்குள்ள ஒரு நல்ல சாவு காட்டு. இல்லேன்னா உன்னோடதைப் படம் புடிச்சுக்கறோம்."

அவர் விளையாட்டாகப் பேசுகிற மனிதர் அல்ல, உங்களுக்கே தெரியும். அதன் பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஹீரோவுக்குப் பதிலாக விழுகிறவர் மோக் அண்ணன். இருபது வருஷமாக விழுகிறார். கீழே காலி அட்டைப்பெட்டிகளை அடுக்கி, மேலே தார்ப்பாய் போர்த்தி, நடுவில் சுண்ணாம்புக் குறி போட்டுவிட்டால் போதும். பூனை மாதிரி அதில் இறங்குவார். குறை அதில்தான். மதியச் சாப்பாட்டுக்கு எழுந்துவிடுவோம் என்று தெரிந்தவனின் சாவு அது. எத்தனை டேக் எடுத்தாலும் அந்தச் சாப்பாடு அவர் முகத்தில் தெரிந்தது.

வெள்ளிக்கிழமை எல்லோரும் சாப்பிடப் போனபோது தார்ப்பாய்க்கு அடியில் நுழைந்து பெட்டிகளைச் சுவர்ப்பக்கம் தள்ளினேன். தார்ப்பாயைப் பழையபடி இழுத்துக் கட்டினேன். குறி இருந்த இடத்திலேயே இருந்தது. பெட்டிகள் ஃபிரேமின் ஓரத்தில் தெரிந்ததால் தள்ளினேன் என்று முதலில் உங்களிடம் சொன்னேன் அல்லவா? அதுவும் பொய்யில்லை. கொஞ்சம் தெரிந்தன.

விழும்போது மோக் அண்ணன் பாதி வழியில் புரிந்துகொண்டார் என்று நினைக்கிறேன். கேமரா அதைப் பிடித்திருக்கிறது. ஃபூங் மாமா இரண்டு முறை போடச் சொல்லிப் பார்த்தார், கடலையைத் தொடவில்லை.

நீங்கள் விடாமல் கேட்பது அந்தச் சிவப்பு உறையைப் பற்றி. எங்கள் தொழிலில் பிணமாக நடித்தவருக்குத் தோஷம் கழியச் சிவப்பு உறையில் காசு கொடுப்போம். ஷாட் முடிந்து, பிணம் எழுந்து, சிரித்து, கைநீட்டி வாங்க வேண்டும். அன்றே செலவழித்துவிட வேண்டும்.

நான் காலையிலேயே கொடுத்தேன்.

"என்ன டைரக்டரே, ஆளு இன்னும் சாகவே இல்ல, அதுக்குள்ள காசா?" என்றார் மோக் அண்ணன். "சாவுக்கும் அட்வான்ஸ் குடுக்க ஆரம்பிச்சிட்டீங்களா?"

யூனிட்டே சிரித்தது. அவர் அந்தக் காசில் எல்லோருக்கும் முட்டை டார்ட் வாங்கி வந்தார். "சாப்புடுங்க, இளைச்சுப் போயிட்டீங்க" என்று எனக்கு ஒன்றைக் கையில் திணித்தார். சூடாக இருந்தது. அந்த வாரத்தில் நான் வயிறாரச் சாப்பிட்டது அதுதான்.

எழுந்த பிறகு கொடுப்பதுதான் வழக்கம், சார். அவர் எழமாட்டார் என்று எனக்குத் தெரியும். உரியதைக் கொடுக்காமல் ஒரு மனிதரை அனுப்பிவைக்கிற ஆள் நான் இல்லை.