தொட்டிக்குள் ஏறி இறங்கிய கடல்

எனது பெயர் லோகநாயகி, வயது 42, கணவர் பெயர் வேம்புலி. நான் ஆவடியில் பாதுகாப்புத் தொழிற்சாலை ஊழியர் குடியிருப்பில் கணவருடன் குடியிருந்து வருகிறேன். பிறந்த ஊர் கோவில்பதாகை, விவசாயக் குடும்பம். என் வீட்டுப் பின்வாசலில் நின்றால் எதிர்வரிசையில் இந்தப் புகாருக்கு உள்ளான கஸ்தூரி வீட்டுப் பின்பக்கமும், அதையொட்டி புகார்தாரர் திருவேங்கடம் வீட்டுப் பின்பக்கமும் தெரியும். தெரிவதைப் பார்ப்பேனே தவிர, எட்டிப் பார்க்கிற வழக்கம் எனக்கு இல்லை.

சென்ற ஆண்டு மழைக்காலத்தில் கஸ்தூரி எண்ணூர்ப் பக்கம் உள்ள தன் தாய்வீட்டுக் குப்பத்துக்குப் போய்விட்டு, ஒரு கூடை நிறைய பச்சைக் காய்களோடு திரும்பி வந்தார். அதன் பிறகு பால் கவர்களில் சேறு நிரப்பி அந்தக் காய்களை ஊன்றினார். அதன் பிறகு பிளாஸ்டிக் பீப்பாய்களை நெடுக்கில் அறுத்துத் தொட்டிகளாக்கி, கவர்களை அவற்றில் அடுக்கித் தண்ணீர் விட்டார். நான் என்ன செடி என்று கேட்டேன். கண்டல் செடி என்றும், உப்பங்கழி ஓரத்துச் சேற்றில் வளர்வது என்றும், குப்பத்திலேயே வளர்த்தால் ஆடுகள் மேய்ந்துவிடுவதால் இங்கே வளர்ப்பதாகவும் சொன்னார்.

செடி இரண்டு இலை விட்டதும் தண்ணீரில் கல்லுப்பு கரைக்க ஆரம்பித்தார். முதலில் ஒரு சிட்டிகை, அதன் பிறகு ஒரு பிடி, போகப் போகக் கூட்டினார். தினமும் தொட்டித் தண்ணீரைக் குடத்தில் மொண்டு எடுப்பார், கொஞ்ச நேரம் சேற்றைக் காயவிடுவார், அதன் பிறகு அதே தண்ணீரைத் திரும்ப ஊற்றுவார். அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் மட்டும் விளிம்பு வரை ஏற்றுவார். அந்த நாட்களில் கடல் அதிகம் ஏறும் என்பதால் செடியை இப்போதே பழக்குகிறாராம். கடலைக் கண்ணால் பார்க்காத செடிக்கு ஆவடியில் உட்கார்ந்து கடல் காட்டுகிறாளே என்று நான் வாயைப் பிளந்து நின்றேன். வயலில் நாற்று விட்ட குடும்பத்தில் பிறந்தவள் நான். இவ்வளவு பொறுமையான நாற்றங்காலை நான் கண்டதில்லை.

ஆனால் அமாவாசை தவறாமல் ஒரு பெண்பிள்ளை உப்பும் குடமுமாக நின்றால் எங்கள் குடியிருப்பில் என்ன பேசுவார்கள் என்று காவல் ஆய்வாளராகிய தங்களுக்குத் தெரியும். திருஷ்டி கழித்த உப்பை அடுத்த வீட்டுப் பக்கம் கொட்டுகிறாள் என்றார்கள். செய்வினை என்றும் சொன்னார்கள். அதன் பிறகு திருவேங்கடம் அமாவாசைதோறும் மதில்மேல் தலையை வைத்துக்கொண்டு கஸ்தூரி செய்வதையெல்லாம் பார்த்துக்கொண்டிருப்பார். இதையும் நான் என் பின்வாசலிலிருந்து பார்த்தேன்.

இந்த ஆடி மாதம் திருவேங்கடம் வீட்டு முருங்கை மரம் இலை உதிர்ந்து பட்டுப்போனது. அவர் மதிலருகே வந்து, "இன்னாம்மா, ஒலகத்துல எவனாச்சும் செடிக்கு உப்பு ஊத்துவானா? எங்க ஊட்டு மேல இன்னா கோவம் ஒனக்கு? உப்பு துன்னவன் தண்ணி குடிச்சித்தான் ஆவணும், பாத்துக்க" என்று கத்தினார். கஸ்தூரி, "அது உப்புலயே பொழைக்கிற செடிண்ணா. ஒங்க மரத்தாண்ட ஒரு சொட்டு வுடல. என் பொறந்த ஊட்டு மண்ணு கரைஞ்சி போவுதுண்ணா, அதுக்குத்தான்" என்று சொல்லி அழுதார். அதன் பிறகு சென்ற வாரம் திருவேங்கடம் இந்தப் புகாரைக் கொடுத்தார். காவல் நிலையத்திலிருந்து வந்து தொட்டிகளை நாற்றுகளோடு எடுத்து வந்து இங்கே தாழ்வாரத்தில் வைத்தார்கள். விசாரணை முடியும் வரை கஸ்தூரி அவற்றைத் தொடக்கூடாது என்று சொல்லப்பட்டது.

முருங்கை பட்டுப்போனது பற்றி எனக்குத் தெரிந்தது. திருவேங்கடம் சித்திரையில் பின்பக்கம் துணி துவைக்கும் கல்லுக்காக சிமெண்டு மேடை கட்டினார். மேடை சாக்கடையை மறித்துக்கொண்டதால் அழுக்குத் தண்ணீர் முழுவதும் முருங்கை அடியில் தேங்கியது. முருங்கைக்கு வேரில் ஈரம் தங்கினால் ஆகாது. தாங்கள் வந்து குச்சியால் குத்திப் பார்த்தபோது குழி நிறைய சோப்புத் தண்ணீர்தான் வந்தது. கஸ்தூரியின் தொட்டிகளிலோ ஓட்டையே கிடையாது, உப்புத்தண்ணீர் வெளியே போக வழியும் இல்லை. மரம் பட்டதும் இவர் உப்பு கரைத்ததும் காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை.

அந்தக் குப்பத்தை நேரில் பார்த்ததுண்டா என்று தாங்கள் கேட்டதற்குச் சொல்கிறேன். பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கஸ்தூரியுடன் மின்சார ரயிலில் பேசின் பிரிட்ஜ் போய், அங்கே வண்டி மாறி, அந்தக் குப்பத்துக்குப் போனேன். கஸ்தூரியின் அக்கா ராஜம்மா வீடு கழியின் கரையில் இருக்கிறது. ஒரு பக்கம் பழைய கண்டல் மரங்கள் கொஞ்சம் மிஞ்சியிருக்கின்றன. அவற்றின் வேர்கள் சேற்றுக்கு மேலே ஆணி அடித்தாற்போல் நிமிர்ந்து நின்றன. அவை மூச்சு விடும் வேர்கள் என்றார் ராஜம்மா. வேர்களுக்கு நடுவே இறால் குஞ்சுகள் ஓடின. அந்த மரங்களுக்குப் பின்னால் மண் அசையாமல் இருந்தது. மரம் இல்லாத பக்கத்தில் போன மழைக்கு இரண்டு வீடுகள் கழியோடு போய்விட்டன. தண்ணீருக்குள் ஒரு அடுப்பு மட்டும் தெரிந்தது. அடுத்தது ராஜம்மா வீடுதான். "இந்த மயைக்கு முன்னாடி நட்டாத்தான்க்கா வேரு புடிக்கும். இல்லாங்காட்டி எங்க ஊடும் அடுப்பாயிடும்" என்றார் ராஜம்மா. உப்பைத் தின்று, சேற்றில் நின்று, ஊரைத் தாங்குகிற ஒரு செடி இருக்கிறது என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. அதைக் கையெடுத்துக் கும்பிட்டேன்.

நேற்று விசாரணையில் கஸ்தூரி ஒரு நாற்றின் இலையைத் திருப்பிக் காட்டினார். வேருக்குள் போன உப்பைச் செடி இலை வழியாக வெளியே தள்ளும் என்றார். வெயிலில் வெள்ளைப் பொடி மின்னியது. தாங்கள் நம்பவில்லை. திருவேங்கடம் இலையைக் கிள்ளி நாக்கில் வைத்தார். முகத்தைச் சுளித்து, "கரிக்குது சார்" என்றார். அதன் பிறகு அவர் எழுந்து போய்விட்டார்.

அமாவாசையன்று கடல் எவ்வளவு ஏறுமோ அவ்வளவு வற்றவும் செய்யும்; சேறு நன்றாக வெளியே தெரியும் அந்த வற்றத்தில்தான் நாற்று நட முடியும். அமாவாசை நாளை மறுநாள். அதை விட்டால் அடுத்ததற்குள் மழை பிடித்துக்கொள்ளும் என்று ராஜம்மா சொல்லி அனுப்பியிருக்கிறார்.

இன்று காலை நானும் கஸ்தூரியும் இங்கே வந்தபோது, தொட்டிகளருகே ஒருவர் குந்தியிருப்பதைப் பார்த்தோம். அவர் திருவேங்கடம். பக்கத்தில் ஒரு குடம் தண்ணீரும் ஒரு பொட்டலம் கல்லுப்பும் இருந்தன. அவர் கஸ்தூரியை நிமிர்ந்து பார்க்கவில்லை. "அமாவாச வந்துகினே கீது. இன்னும் யாரும் தண்ணி ஏத்தல. நீ எப்பவும் விளிம்பு வரிக்கும்தானே ஊத்துவே?" என்று கேட்டுவிட்டு, உப்பைக் கரைத்து ஊற்றினார். கஸ்தூரி, "போதும்ணா" என்று சொல்லும் வரை ஊற்றினார். இதைத் தாங்களும் சன்னல் வழியாகப் பார்த்தீர்கள், தடுக்கவில்லை.

நாற்றுகளைக் கஸ்தூரியிடம் ஒப்படைத்தால் அமாவாசையன்று முதல் வண்டியில் கொண்டு போவோம். ஒரு தொட்டியை நான் சுமப்பேன். இன்னொன்றைத் தான் சுமப்பதாகத் திருவேங்கடம் சொல்லியிருக்கிறார்.

நான் கண்டதையும் கேட்டதையும் தவிர வேறு எதையும் சேர்த்துச் சொல்லவில்லை. எழுதியதைப் படித்துக் காட்டக் கேட்டேன். நான் சொன்னபடியே சரியாக இருக்கிறது. அனைத்தும் உண்மை.

(ஒப்பம்) வே. லோகநாயகி
13.9.1993