மிஸ் குணாவுக்கு வந்த போன்

எனக்குச் சிறு வயதிலிருந்தே கூச்சம் அதிகம், டாக்டர். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் சாப்பாட்டுக் கடையில் இன்னொரு கரண்டி ரசம் வேண்டுமென்றாலும் எனக்காக அக்காதான் கேட்பாள். அப்பாவும் அம்மாவும் போன பிறகு வீட்டில் நாங்கள் இருவர்தான். அவள் குணேஸ்வரி, பள்ளி ஆசிரியை. நான் குணபூசணி. உயிரியல் பட்டம் வாங்கி, ஓர் ஆய்வுக்கூடத்தில் யாரோடும் பேசத் தேவையில்லாத வேலையில் இருந்தேன். இருவரையும் எல்லாரும் குணா என்றே கூப்பிடுவார்கள்.

தொண்ணூற்றாறில் அக்காவுக்குப் பார்வை மங்கியது. மண்டையோட்டின் அடியில், கண் நரம்புகள் சந்திக்கும் இடத்தில் ஒரு கட்டி. நேரே இருப்பது தெரியும், பக்கவாட்டில் இருப்பது மறையும். தெருவில் எப்போதும் அவள் பக்கத்தில் நடப்பவள் நான். முதலில் மறைந்ததும் நான்தான்.

மூக்கின் வழியே மெல்லிய கேமராக் குழாயை விட்டுக் கட்டியை எடுத்துவிடலாம், தலையைத் திறக்கவே வேண்டாம் என்றார்கள். அதைச் செய்யும் வெளிநாட்டு நிபுணர் ஒரு வாரம் மட்டும் கோலாலம்பூரில் இருப்பார். தேதியை போனில் சொல்வதாக ஏற்பாடு.

“மூக்குத்தி குத்தவே மயங்கி விழுந்தவ நான். இப்ப கேமராவே போகுதாம் லா,” என்று அக்கா சிரித்தாள். கண் தெளிந்ததும் தை மாதம், நிச்சயித்திருந்த பாலனைக் கல்யாணம் செய்துகொண்டு ஈப்போவுக்குப் போய்விடுவாள். ஈப்போ நல்ல ஊர்.

போன் வந்தபோது அக்கா பள்ளியில் இருந்தாள். பேசியவர் ரமணி மிஸ்ஸி, ஆஸ்பத்திரித் தாதி.

“மிஸ் குணாவா? வியாழக்கிழமை ஆப்பரேஷன். ஓகேவா?”

“வேண்டாம் மிஸ்ஸி. பயமா இருக்கு.”

“சின்ன ஓட்டைதான் லா. இப்ப விட்டா கண்ணு போயிடும்மா.”

“வேண்டாம்.”

என் பெயர் குணாதான். பயமும் என்னுடையதுதான். கோப்பில் ‘நோயாளி மறுத்துவிட்டார்’ என்று எழுதியது அவர்கள்.

மாலையில் அக்கா, “எனக்கு போன் வந்துச்சா?” என்று கேட்டாள். அவர்கள் பேசியது என்னோடு. ஆகவே, “உனக்கு வரலை,” என்றேன். நிபுணர் இந்தத் தடவை வரவில்லை போலிருக்கிறது என்று அவளாகவே முடிவு செய்துகொண்டாள். நான் மறுத்துப் பேசவில்லை.

பாலன் தை வரை காத்திருந்தார், பிறகு சித்திரை வரை. அதற்குள் அக்காவுக்கு எல்லாம் இருட்டிவிட்டது. ஜன்னல் எந்தப் பக்கம் என்பது மட்டும் இடது கண்ணுக்குத் தெரிந்தது. இப்போது ரசம் கேட்பது நான். பஸ் நம்பரைப் படித்துச் சொல்வதும், வழியில் யார் என்ன நிறத்தில் சேலை கட்டியிருக்கிறார்கள் என்று ஓயாமல் விவரிப்பதும் நான். இப்படி ஒரு தங்கை யாருக்குக் கிடைக்கும் என்று எதிர்வீட்டு புஷ்பவல்லி ஆன்டி சொல்வார். அக்காவும் அப்படித்தான் சொல்வாள்.

அடுத்த ஆண்டு ரமணி மறுபடியும் கூப்பிட்டார். நிபுணர் வந்திருக்கிறாராம். ஒரு கண்ணில் கொஞ்சம் வெளிச்சம் மிச்சமிருந்தாலும் அதைக் காப்பாற்றப் பார்க்கலாமாம்.

“எனக்குக் கண்ணு நல்லாத் தெரியுது மிஸ்ஸி,” என்றேன். குரல் நடுங்கவில்லை.

அறையிலிருந்து அக்கா, “யாருடி போன்ல?” என்றாள்.

“ராங் நம்பர்க்கா.”

டாக்டர், இந்த விஷயம் முழுவதிலும் நான் சொன்ன ஒரே பொய் அதுதான்.